மேட்டில் நின்ற வேன்

லாபிஸ்,
ஜனவரி 19

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் உனக்கு மறுபடி நெஞ்சுச்சளி கட்டாமல் இருக்கவேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ, பரவால்லப்பா விடுங்க என்று சமாதானம் சொல்லிவிடுவாய், எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். கடைசிவரை படி.

தண்ணீர் இறங்கிப் பதினோரு நாள் ஆகியும் வீட்டில் நாற்றம் போகவில்லை. ஆற்றுச் சேறும் கக்கூஸ் தொட்டித் தண்ணீரும் யார் வீட்டுக் கோழிகளோ செத்து மிதந்ததும் எல்லாம் சேர்ந்த நாற்றம், மூன்று தடவை பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவியாகிவிட்டது, அம்மா சமையலறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பொங்கலுக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை, எனக்குச் சோறே இறங்கவில்லை. அதைவிடக் குமட்டியது பள்ளிக்கூடத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது நடந்தது. ஒரு பெரிய மனிதர் வந்தார், ஐயாசாமி தாத்தாவுக்கு அரிசிப் பை கொடுத்தார், போட்டோ சரியாக விழவில்லை என்றதும் பையைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார். எண்பத்திரண்டு வயது மனிதர் இரண்டு தடவை கும்பிட்டார். சீ என்று வந்தது. ஆனால் இதையெல்லாம் அம்மாவிடம் சத்தம் போட்டுச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, நான் திட்டவேண்டிய ஆள் வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் நடந்தது உனக்குத் தெரியும். தென்சீனக் கடல் சூடாக இருக்கிறது, வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்குகிறது, போர்னியோ பக்கம் ஒரு சுழல் உட்கார்ந்திருக்கிறது, ஜோகூரில் கொட்டப்போகிறது என்று உன் வானிலை ஆராய்ச்சிக் கணக்கைப் பார்த்து நீ சொன்னாய். நான் நம் தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பிரிட்ஜையும் சோபாவையும் மாடிக்குத் தூக்கினார்கள், மாடி இல்லாதவர்கள் மேசைமேல் ஏற்றினார்கள். ஒரு தூறலோடு போய்விட்டது. அன்றிலிருந்து அமானுல்லா கடையில் எனக்கு டத்தோ பாஞ்சிர் என்று பெயர். வெள்ளத்துக்கு டத்தோ பட்டமாம். தேத்தண்ணீர் குடிக்கப் போனால் நம் தாமான் சங்கத் தலைவர் சபாபதி எழுந்து நின்று நாற்காலி போடுவார், டத்தோ, இன்னிக்கி குடை கொண்டு போலாமா வேணாமா லா, என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வீட்டுக்கு வந்து அம்மாமேல் எரிந்து விழுந்தேன்.

இந்த வருஷம் புதன்கிழமை மத்தியானம் நீ மறுபடி அனுப்பினாய். போன தடவ கணக்குல நாங்க கடல அப்படியே சும்மா விட்டுட்டோம்ப்பா, காத்து கடலக் கலக்கி அதோட சூட்ட எடுத்துட்டுப் போயிடும், கடல் ஆறுனா மழயும் வலுவிழந்துடும், அத கணக்கு பார்க்கல, இப்ப கடலும் காத்தும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்ற மாதிரி போட்டிருக்கோம், சனிக்கிழமையிலிருந்து மூணு நாள், பத்துக்கு ஆறு வாய்ப்பு, என்று சொல்லியிருந்தாய். முப்பது வருஷம் ஏர்கோன் பழுது பார்த்தவனுக்கு அது நன்றாகவே புரிந்தது, சூடு ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். நான் அதை நம்பினேன் லோஷினி. நம்பவில்லை என்றால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். நம்பினேன், வியாழன் சாயங்காலம் வேனை எடுத்துக்கொண்டுபோய் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா கேட்டாள், பேச்சி அக்காகிட்ட சொன்னீங்களா, நாளைக்கி அவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாள் ஆச்சே, என்று. சொல்லிட்டேன் என்றேன். பொய். பேச்சி அக்கா பக்கத்து வீட்டு வாசலில் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தார், என்ன கனகு வேன் எங்க என்று கேட்டார், நான் கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுபடியும் அந்தப் பெயர் வந்துவிடுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

நீ சொன்னதற்கு ஒரு நாள் முன்னாலேயே, வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டியது, பகல் பன்னிரண்டுக்குள் செகாமட் சாலை மூழ்கிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். பேச்சி அக்கா, தன் மகன் மூர்த்தி வருவான், வந்து டயாலிசிஸ் கூட்டிப்போவான் என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார், அவன் சிங்கப்பூர் வேலையிலிருந்து கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டான். அக்கா பக்கத்து மாடி வீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை படகில் கொண்டுவந்தபோது முகம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, நுரையீரலில் தண்ணீர் கட்டிவிட்டது என்றார்கள். ஆறு நாள் தீவிரச் சிகிச்சையில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார், இப்போது வார்டில் இருக்கிறார், ஆனால் நடக்க இன்னொருவர் பிடிக்கவேண்டும். வியாழக்கிழமையே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செகாமட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார், அங்கிருந்து மருத்துவமனை பத்து நிமிஷம்.

தண்ணீர் வடிந்ததும் மூர்த்தி என்னிடம் வந்தான். தாமானில் இருபத்து மூன்று வண்டிகள் தண்ணீரில் மூழ்கிப் போயிருந்தன. மாமா, ஒங்க வேன் மட்டும் எப்படி மேட்டுல நின்னுச்சி, என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான். பிரேக் சரியில்ல, ஒருத்தன்கிட்ட காட்ட அங்க விட்டிருந்தேன், என்றேன். என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. சேற்றை மிதித்ததைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது, அன்று குளித்தேன், குளித்தும் அழுக்கு போகாததுபோல் இருந்தது.

போன சனிக்கிழமை காலை பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம். சபாபதி மைக் பிடித்து, யாருக்குமே தெரியாம வந்த தண்ணிங்க இது, யாரையும் குறை சொல்ல முடியாது, என்று ஆரம்பித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து, எனக்குத் தெரியும், என்றேன். உன் செய்தியை நாள், நேரம் எல்லாம் சேர்த்துப் போனிலிருந்து படித்தேன். நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன், ஆனா என் வேன மட்டும் மேட்டுக்கு ஏத்துனேன், மூர்த்தி, நான் சொன்ன பிரேக் கத பொய், என்று சொன்னேன். அலமாக் என்று பின்னால் யாரோ அதிர்ந்துபோய்ச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சபாபதி மைக்கை மேசையில் வைத்துவிட்டார். மூர்த்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசவில்லை, அவன் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமை எனக்கு இல்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும், மொதல்ல போய் அக்காவ பாருங்க, என்றாள்.

போனேன். கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சி அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு சொன்னார், தப்புத்தான் கனகு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடுத்த தடவ புள்ள பத்துக்கு ஆறுன்னு சொன்னாலும் சொல்லு, மூணுன்னு சொன்னாலும் சொல்லு, மழ வராட்டி நாத்தனார் வீட்டுல நாலு நாள் நல்லா சாப்ட்டுட்டு வர்றேன், எனக்கென்ன கொறஞ்சிடப் போவுது.

நீ போனில் அழுதாயே, ஒரு நாள் தப்பிடுச்சிப்பா, இந்த வேலையே எனக்கு வேணாம்னு தோணுது, என்று. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பிள்ளை, நீ கடலையும் காற்றையும் அத்தனை தூரத்திலிருந்து கணக்குப்போட்டு என் கைவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாய், நம் வாசலிலிருந்து பேச்சி அக்கா வாசல் பதினைந்து அடி, அந்தப் பதினைந்து அடியை நான் கடக்கவில்லை. தப்பிய அந்த ஒரு நாளைச் சரிசெய்ய உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் தெரியும், உட்கார்ந்து செய்யுங்கள். வேலையை விடாதே.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று அம்மாவுக்குச் சந்தேகம், ஒழுங்காகச் சாப்பிடு. காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. பிப்ரவரி முதல் வாரத்துக்கு என்ன தெரிகிறதோ, வாய்ப்பு குறைவாக இருந்தாலும் மறைக்காமல் நல்ல தமிழில் அனுப்பு, இந்தத் தடவை பேச்சி அக்கா வீட்டுக்கு முதலில் போவேன், அப்படியே அமானுல்லா கடைக்கும் போவேன், அவர்கள் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் சரி. எல்லாத் தெய்வமும் உன்னோடு துணை நிற்கட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு மகளே.

உன்மேல் அன்பு மாறாத,
அப்பா கனகராஜ்