இணைப்பு ஒன்பது

மார்ச் 4
எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் விண்ணப்பம் வந்துவிட்டது. கச்சா எண்ணெய்க்குப் பதில் இனி பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயிலிருந்து டீசல் எடுப்பார்களாம். நல்ல காரியம்தான். காற்று மாசு அனுமதிக்காக அதைப் பரிசீலிப்பவள் நான். அறுநூறு பக்கம்!

மார்ச் 9
திருட்டுப் பயல்கள். புதிய ஆலையின் புகையைப் பழைய புகையோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பழைய புகைக்குக் கடந்த பத்து ஆண்டுகளில் எதை வேண்டுமானாலும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். எடுத்திருப்பது ஆறு வருடத்துக்கு முந்தைய ஆண்டை — உலை கெட்டுப்போய் ஊரே இருமிய ஆண்டை. அதை வைத்தால், இன்று விடுவதைப்போல் இரண்டு மடங்கு விட்டாலும் காகிதத்தில் 'குறைவு'. அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை என்று சாதித்தவர்கள், இன்றைக்கு மலைமலையாக வந்தது என்கிறார்கள். வெட்கமே கிடையாதா?

மார்ச் 10
வரம்பை மீறிய புகையை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. விதியே இருக்கிறது. மாட்டினார்கள்.

மார்ச் 11
மாட்டியது நான்.
விண்ணப்பத்தின் இணைப்பு ஒன்பது, அந்த ஆண்டில் எங்கள் அலுவலகம் எழுதிய கடிதம். "புகார் விசாரிக்கப்பட்டது. புகை வரம்புக்குள் இருந்தது." கீழே என் கையெழுத்து. புகார் கொடுத்தவள் என் அக்கா. ஆலைச் சுவரை ஒட்டிய தெருவில்தான் அவள் வீடு. போய் அளந்தேனா? இல்லை. ஆலை அனுப்பிய அட்டவணையைப் பார்த்து எழுதினேன். "உனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்க்கா" என்று வேறு சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு பொறியாளர்!

மார்ச் 13
மேலதிகாரியிடம் சொன்னேன். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கப் போறியா? பசுமைத் திட்டம்மா. கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடு."
"போன தடவை அப்படித்தான் சார் போட்டேன்."
முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பயமில்லை, ஆத்திரம்.

மார்ச் 20
என் பரிசீலனைக் குறிப்பை அனுப்பிவிட்டேன். "இணைப்பு ஒன்பது தவறு. அளக்காமல் எழுதினேன். அந்த ஆண்டை நீக்கிவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்."

ஏப்ரல் 2
விண்ணப்பம் ஆலைக்கே திரும்பிப் போனது. எனக்கு, விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

ஏப்ரல் 6
அக்கா வீட்டுக்குப் போய் நான் எழுதியதன் நகலை நீட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு முறை படித்தாள்.
"ஒண்ணுமில்லன்னு அன்னிக்கு நீயே எழுதிட்டதால, எல்லாம் என் மனப்பிரமைன்னு நெனச்சுட்டிருந்தேன்டி."
பிறகு அலமாரியைத் திறந்தாள். இத்தனை வருடமும் நான் வரும்போதெல்லாம் ஒளித்து வைத்த இன்ஹேலரை எடுத்து, என் முன்னாலேயே உட்கார்ந்து இழுத்தாள்.