பச்சையில் பாதி, சிவப்பில் மீதி

செவ்வாய்
காலை முழுக்கத் தூறல். துணி காயவில்லை. கரண்ட் பத்து மணிக்குத்தான்.

கணவர் இறந்து முப்பத்திரண்டு நாள். மலை ஊர்களுக்கு அவர் எழுதிய பஸ் நேர இணையப் பக்கம் தப்பு காட்டுகிறது. சாமை விற்கும் கன்னியம்மா வாசலிலேயே: "இன்னாமா, சாரோட பஸ்ஸும் பூடுச்சா? போன்ல ஆறுன்னுது, அஞ்சரைக்கே போய்ட்டான். மூட்டையோட நின்னேன்."

நானே திருத்துவேன்.

கணினி. கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் அவருடைய git-இல் நிலவரம் கேட்டேன்: git status. உதவிப் பக்கம் என்ற ஒரே கோப்பு இரண்டு இடத்தில்: மேலே பச்சை, கீழே சிவப்பு. அவர் அலட்சியம், ஈரத் துண்டை நாற்காலியில் போடுவது போல. கான்வென்ட்டில் மேசையைத் துடைத்த பிறகே நோட்டைத் திறப்போம். பதியாத மாற்றங்களையெல்லாம் துடைக்கும் git reset --hard போட்டேன். சுத்தம்.

நேரம் திருத்தியாயிற்று.

புதன்
வெயில். தொண்டை வலி.

மருமகள் கலை, வேலூரிலிருந்து போன். அவளுக்கு மென்பொருள் வேலை. நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"அத்தை, பச்சை வந்து மாமா add பண்ணி, git-கிட்ட ஒரு பிரதி குடுத்து வெச்சது. சிவப்பு அப்புறமா எழுதுனது, add பண்ணாதது."

"அதனால்?"

"சிவப்பு போச்சு அத்தை. வராது. பச்சையைத் தேடலாம். குப்பை கூட்ற git gc மட்டும் போட்றாதீங்க, அதுவும் பூடும்."

அன்று ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார்: "உனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் உதவிப் பக்கத்துல எழுதிட்டேன்." நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்கவில்லை.

மாத்திரை மறந்தேன்.

வியாழன்
கலை சொன்னபடி, தொலைந்ததைத் தேடும் git fsck --lost-found. .git-க்குள் lost-found, அதற்குள் other என்ற ஃபோல்டர். ஒரே ஒரு கோப்பு, பெயர் முழுக்க எண்ணும் எழுத்தும்.

"சரோஜாவுக்கு.
1. எதையும் துடைக்கும் முன் git diff போட்டு, என்ன மாறியது என்று படி.
2. வேண்டாதது போலத் தெரிந்தாலும் git stash. ஓரமாக எடுத்து வைக்கும், தொலைக்காது. நீ துடைக்கிறவள்.
3. இது பஸ் பற்றியது இல்லை."

அவ்வளவே. மீதி சிவப்பில் இருந்தது.

சமைக்கவில்லை.

வெள்ளி
பனி. கன்னியம்மா: "கரெக்டா வந்துச்சுமா! சாரு மாதிரியே போட்டுட்டீங்க." ஒரு படி சாமை வைத்துவிட்டுப் போனாள்.

கிடைத்ததை உதவிப் பக்கத்தில் சேர்த்தேன். எழுதியவர், --author, என்ற இடத்தில் அவர் பெயர். என்ன செய்தேன் என்ற செய்தி எழுதாமல் commit போட்டுப் பதிந்தேன். ஏற்கவில்லை, செய்தி காலியாம். மறுபடி. மறுபடியும் அதே.

பிறகு எழுதினேன்: "மூன்றாவதன் மீதியைப் படிக்காமலே அழித்தவள் சரோஜா."

பதிவில் நிற்கும்; கலை பார்ப்பாள். பார்க்கட்டும்.