உதடு மட்டும் பாக்கி

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலமா? இதைத் தொலைபேசியில் கேட்கக் கூடாதா என்பாய். நீ எடுத்தால்தானே! கட்சிச் செயலாளர் ஆனபின் உன் உதவியாளரின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உங்கள் கட்சிப் பொருளாளர் என் சிற்பக்கூடத்துக்கு வந்தார். உனக்கு ஏழடியில் வெண்கலச் சிலை வேண்டுமாம். வாழ்த்துகள், பெரிய மனுஷா! ஒன்றுதான் உறுத்துகிறது. பீடத்தில் பொறிக்க இரண்டு வருடங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று நீ பிறந்தது. மற்றது இந்த வருடம். என்ன இது என்று கேட்டேன். "செஞ்சு வைங்கம்மா, தேதிய பிறகு சொல்றோம்," என்று காபியை ஊதி ஊதிக் குடித்தார். யாரோ தப்பாக எழுதியிருப்பார்கள். விசாரித்துச் சொல்.

உன் சுண்டெலி

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

தப்பில்லை. பழைய தலைவர் மாடிப்படியில் விழுந்து இறந்தது ஜூலையில். அவர் சிலையை உன்னிடம் நான் செய்யச் சொன்னது மே மாதத்தில். பிறந்தநாளுக்கு என்று சொன்னேன், நீயும் நம்பினாய். எங்கள் கட்சியில் முதலில் சிலை தயாராகும், பிறகுதான் மற்றது நடக்கும். கூட்டம் வந்து அழ அன்றைக்கே ஓர் இடம் வேண்டுமே! அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புத்திசாலி நானேதான்.

ஓடிவிடலாமே என்பாய். என் பாஸ்போர்ட் பொருளாளரிடம் இருக்கிறது. வேலையை மறுக்காதே, வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். முடிக்கவும் முடிக்காதே. ஏதாவது சொல்லி இழுத்தடி. என் உயிர் உன் கையில்தான் இருக்கிறது. பதிலைத் தபாலில் போடாதே, உன் அண்ணியிடம் கொடுத்தனுப்பு.

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

நான் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது. தைரியமாக இரு.

களிமண் உருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முடியாத மாதிரிக் காட்ட ஈரத்துணி சுற்றியே வைத்திருக்கிறேன். பொருளாளர் வாராவாரம் வருகிறார். உதடு மட்டும் பாக்கி என்று சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. உன் உதடு எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. பதினாறு தடவை செய்து அழித்துவிட்டேன். எந்தப் படத்தை எடுத்தாலும் அதே மேடைச் சிரிப்பு! சொல்ல வெட்கமாக இருக்கிறது, எரிச்சலாக வருகிறது. ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போயேன்.

உன் சுண்டெலி

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். உதடு உனக்கு வராமலே இருக்கட்டும்.

அலுவலகத்தில் எல்லாரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். நான் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. நேற்று படியிறங்கும்போது பொருளாளர், "பாத்துண்ணே," என்று கையைப் பிடித்துக்கொண்டார். பயமாக இருக்கிறது. பழைய தலைவரிடம் நாங்களும் இப்படித்தான் இருந்தோம்.

அண்ணன்

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு என் ஸ்டூலில் உட்கார்ந்து, "என்னக் காப்பாத்து சுண்டெலி," என்று அழுதாய். நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழுதடு இடப்பக்கம் லேசாக உள்ளே மடிந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் முகத்தில் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ தெருமுனை திரும்புவதற்குள் மண்ணைக் கையில் எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் காலையில் அழிக்கத்தான் போய் நின்றேன். மனசு வரவில்லை. இதைவிட நல்லது ஒன்றை இனி நான் செய்யப்போவதில்லை அண்ணா.

நேற்று பொருளாளர் வந்தார். துணியைப் போட்டு மூடியிருக்கலாம். யாராவது பார்க்க வேண்டும் போலிருந்தது, மூடவில்லை. ரொம்ப நேரம் நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவரேதாம்மா," என்றார். மத்தியானமே வண்டி வந்து வார்ப்புக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

வார்த்து மெருகுபோட மூன்று வாரம் ஆகுமாம். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதற்குள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிடு. யார் பாராட்டினாலும், நீ பார்த்து ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

உன் தங்கை