எட்டில் ஐந்து மேகம்

ஜூன் 9

அன்புள்ள அம்மா,

நான் நலம். சித்தி நலம், சித்தப்பாவின் குறட்டையும் நலம். இனி எழுதப்போவதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். சித்தி பக்கத்திலேயே நின்றதால் கடிதமாக எழுதுகிறேன். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

மூன்று வாரமாக நான் கணக்கு டியூஷனுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆனதும் நூலகத்து மொட்டை மாடிக்குப் போகிறேன். அங்கே மேகக் குழு என்று ஒன்று, என் வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். வாத்தியாரும் இல்லை, பரீட்சையும் இல்லை. நூலகர் அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுவார். நாங்கள் மல்லாந்து படுத்து, வானத்தை மனசுக்குள் எட்டுப் பங்காக வெட்டுவோம். எத்தனை பங்கில் மேகம் என்று ஆளுக்கொரு எண் சொல்வோம். சண்டை வரும். முடிவில் ஓர் எண் நோட்டில் ஏறும். நேற்று எட்டில் ஐந்து.

ஒரு மேகம் இன்னொன்றின் வயிற்றுக்குள் நுழைந்து அப்படியே கரைந்துபோனது, அம்மா. மாடி நகர்கிறதா மேகம் நகர்கிறதா என்று குழம்பி, தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உன் மிளகு

ஜூன் 21

மிளகு,

கடைசிவரை படித்தேன். இரண்டு தடவை. இப்போது திட்டுகிறேன்.

மேகத்துக்கு யார் மார்க் போடுவார்கள்? டியூஷன் நேரத்தில் மல்லாந்து படுக்கவா உன்னை அங்கே விட்டுவிட்டு நான் இந்தத் தூர ஊரில் வேலைக்குக் கிடக்கிறேன்? பத்தாம் வகுப்பில் கணக்கு போனால் எல்லாம் போச்சு. இனி உன்னைக் கையோடு கூட்டிப்போய் டியூஷன் வாசலில் விடும்படி சித்திக்கு எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூலை 5

அம்மாவுக்கு,

சித்தி கூட்டிப் போகிறார். நானும் போகிறேன். சாப்பிடுகிறேன்.

மிளகு

ஜூலை 30

என் கண்ணே,

மூன்று வரியில் ஒரு கடிதம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. போனில் கூப்பிட்டால் "ம்" என்கிறாய். வாயாடிப் பெண் "ம்" சொன்னால் பெற்றவளுக்குத் தூக்கம் வருமா?

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் நர்ஸ் இல்லையடி. இந்த முதியோர் இல்லத்தில் நான் உதவியாளர். குளிப்பாட்டுவேன், விரிப்பு மாற்றுவேன், ஊட்டிவிடுவேன். ஊசி போட எனக்கு அனுமதி இல்லை. நர்ஸ் படிப்பு நுழைவுத் தேர்வில் கணக்கில் நாலு மார்க் குறைந்தது. வெள்ளைச் சட்டையில் நான் நின்ற போட்டோவைப் பார்த்து, "எங்கம்மா நர்ஸு!" என்று நீ குதித்தாயாம். சித்தி சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. ஆறு வருஷம் ஓடிவிட்டது. டியூஷனுக்குப் போவதாக நீ மூன்று வாரம் ஏமாற்றினாய் என்று குதித்தவள் நான்!

நேற்று மாலை விரிப்புகளைக் காயப்போட மாடிக்குப் போனேன். காற்றில் அத்தனையும் உப்பி எழுந்தன. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எட்டாக வெட்டத் தெரியவில்லை, வெட்டுவதற்குள் நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ! கீழே இருந்து என்னைத் தேடி ஆள் வந்துவிட்டது. ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல இறங்கி வந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் மாடிக்குப் போ. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா

ஆகஸ்ட் 14

அம்மா,

உன் கடிதத்தை மாடியில் படுத்துக்கொண்டே படித்தேன். முதலில் கோபம் வந்தது. எல்லோரிடமும் நர்ஸ் நர்ஸ் என்று பீற்றிக்கொண்டவள் நான்தானே. பிறகு அந்த விரிப்புகளுக்கு நடுவே நீ நிற்பது தெரிந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஊட்டிவிடுறதும் லேசு இல்ல, எங்க தாத்தா துப்பிருவாரு" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், மறுபடி மேகத்துக்குப் போய்விட்டார்கள்.

நர்ஸ் நுழைவுத் தேர்வைப் பற்றி நூலகர் அக்காவிடம் கேட்டேன். தேர்வுகளின் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பரீட்சைக்கு வயசு வரம்பு இல்லம்மா, யாரு வேணும்னாலும் எழுதலாம்" என்றார். நீ எழுதேன். டியூஷனில் போடும் கணக்கையெல்லாம் உனக்கு அனுப்புகிறேன். இந்த உறையில் முதல் ஐந்து இருக்கிறது.

மிளகு

ஆகஸ்ட் 29

என் மிளகு,

சாப்பாட்டு இடைவேளையில், துணி மடிக்கும் மேஜைமேல் வைத்துப் போட்டேன். மூன்று சரி என்று நினைக்கிறேன். நாலாவது எனக்கே சந்தேகம். ஐந்தாவதைப் பாதியில் விட்டிருக்கிறேன். அதற்குமேல் எப்படிப் போவதென்று தெரியவில்லை.

சிவப்பு மையால் அடித்துவிடாதே. எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் எழுது.

அம்மா