ஷூக் கடை வஞ்சம்

இன்று சாயங்காலம் கடைவீதியில் அந்த ஷூக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். புது ரெக்சினும் பசையும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஊருக்கெல்லாம் அது பள்ளிக்கூடம் திறக்கப் போகிற வாசனை. உனக்கும் எனக்கும் அது சண்டை வாசனை அல்லவா? மூக்கில் ஏறியதுமே கை தானாகப் போய் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியது. பக்கத்தில் திரும்பி, "வாடி, இந்த வருஷமும் ஒரு கை பாத்துடலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். பங்குனியில் நீ போய்ச் சேர்ந்த பிறகு வருகிற முதல் ஜூன் இது. அதைக் கொஞ்ச நேரம் மறந்திருக்கிறேன் பார்.

பீங்கான் கம்பெனியில் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் நாம். நீ அச்சில் மண்கூழ் ஊற்றுவாய், நான் காய்ந்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவுவேன். என் மகள் தேன்மொழி உன்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டு உன் மடியில்தான் வளர்ந்தாள். என் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு என்றால் உன் வீட்டுக்கு ஓடிவிடுவாள். அவளை நாலாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? ஷூ அந்த ஒரு கடையில்தான் வாங்க வேண்டும், வேறெங்கும் கூடாது என்றார்கள். அவளுடைய அளவு தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் ஒரு அளவு சின்னதை எடுத்து, பிள்ளையின் குதிகாலைப் பிடித்து அழுத்தித் திணித்தார்.

"லேசா பிடிக்கிற மாதிரி இருக்கும்மா. போடப் போட விரிஞ்சிக்கும்."

விரிந்தது! என்னத்தை விரிந்தது? ஷூ அப்படியே இருந்தது. பிள்ளையின் வலது கால் பெருவிரல் நகம் கறுத்து, சீழ் கோத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் நகத்தையே எடுத்தார்கள். எடுக்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை, உன் கையைத்தான் பிடித்தாள். அதோடு விட்டதா? கட்டுப் போட்ட காலில் செருப்போடு போனவளை, ஷூ இல்லாமல் பிரேயருக்கு வரக்கூடாது என்று பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் நீ அதைப் பார்த்துவிட்டாய். கொட்டகைக்குள் வந்தபோது உன் முகம் சூளை வாய் மாதிரி இருந்தது.

சரியான அளவைக் கேட்டு நாம் பிள்ளையோடு கடைக்குப் போனபோது அந்த ஆள் சிரித்தார். "கால்ல இவ்ளோ பெரிய கட்டு போட்டுக்கிட்டு வந்தா எந்த ஷூம்மா ஏறும்? இதை வெச்சு சின்னதுன்னு சொல்றீங்களே. கட்டு இல்லாத காலைக் காட்டுங்க, பாப்போம்."

"இடது கால்ல கட்டு இல்லீங்களே, பாருங்க" என்றேன். பிள்ளையோ ஷூவைக் கண்டதுமே அலறிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடையில் இனிக் காலை நீட்ட மாட்டாள் என்பது உனக்குப் புரிந்துவிட்டது.

"காலுதானே வேணும்? கொண்டாறேன் இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

அப்படியொரு யோசனை நம் ஊர்க்காரிக்குத்தான் வரும். அவளுடைய இடது காலை ஈர மண்ணில் வைத்து அச்செடுத்தாய். அந்த அச்சில் மண் ஊற்றி, காயவைத்து, முதலாளிக்குத் தெரியாமல் பொம்மைகளோடு பொம்மையாகச் சூளையில் ஏற்றினாய். வெளியே வந்தபோது எத்தனை அழகு! சுண்டு விரலின் வளைவுகூட அப்படியே வந்திருந்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டு, சாமி சிலையைத் தூக்கிப்போவது போல கடைக்குத் தூக்கிப்போனோம். கடை நிறையக் கூட்டம். நீ பீங்கான் காலை மேசைமேல் வைத்து, "இப்ப மாட்டிக் காட்டுங்க" என்றாய்.

அவர் மாட்டினார். சர்ரென்று உள்ளே போய் ஜம்மென்று உட்கார்ந்தது ஷூ.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. மண் சூளையில் சுருங்கும்! கொட்டகையில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். சுருக்கத்துக்குச் சேர்த்துத்தானே வாழ்நாள் முழுக்க அச்சைப் பெரிதாகச் செய்கிறோம்? ஆத்திரத்தில் இரண்டு பேருக்குமே புத்தி மழுங்கிப் போயிற்று. கடையே கொல்லென்று சிரித்தது. நீயும் முதலில் சிரித்தாய், அதுதான் உன் குணம். "சூட்டுல சுருங்கிப்போச்சுங்க, நெசக் காலு இதவிடப் பெருசு" என்று சொல்லிப் பார்த்தாய்.

அப்போதுதான் அந்த ஆள் அந்த வார்த்தையை விட்டார்.

"பெத்தவ அவ நிக்கிறா, நீ எதுக்கும்மா துள்ளுற? புள்ள பெறாதவளுக்குப் புள்ளையோட காலப் பத்தி என்ன தெரியும்? நீ செய்யிற பொம்மைங்களோட நிறுத்திக்க."

நான் ஷூவைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் மண்டைக்குத்தான் குறி. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "விடுடி. இதுக்கு வேற வழி இருக்குது" என்று மட்டும் சொன்னாய். பீங்கான் காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பாலக்கரைப் பக்கம் வந்ததும் அந்தக் காலைச் சாக்கடையில் வீசிவிட்டு அழுதாய். உன் மாமியார் செத்தபோதுகூட நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு விழுந்தது என் வயிற்றில் இந்த நெருப்பு.

விரல் ஆறியதும் பிள்ளையைப் பக்கத்து ஊரான மங்கலம்பேட்டைக்குக் கூட்டிப்போனோம். அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது. அங்கிருந்த ஒரு கடையில் கறுப்பு ஷூ எத்தனை இருந்ததோ அத்தனையையும் நீ பிரிக்க வைத்தாய். உட்கார வைத்துப் போட்டுப் பார்த்தாய், நிற்க வைத்துப் பார்த்தாய், நடக்க வைத்துப் பார்த்தாய். நின்றால் கால் நீளுகிறது என்று நீ கண்டுபிடித்துச் சொன்னபோது உனக்கே ஆச்சரியம். இரண்டு காலும் ஒரே அளவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. பெரிய காலுக்குத் தகுந்ததை வாங்கினோம். கறுப்புக்குக் கறுப்பு, பள்ளிக்கூடத்தில் எவரும் கண்டுபிடிக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளை தூங்கிவிட்டாள். நீ உனக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்து, "அடுத்த ஜூன் வரட்டும்டி, அவனுக்கு இருக்குது" என்றாய்.

வந்தது அடுத்த ஜூன். பள்ளி திறப்பதற்கு முந்தின சாயங்காலம், கடை பிதுங்கி வழிகிற நேரமாகப் பார்த்து, கொட்டகைப் பெண்கள் எல்லோரையும் பிள்ளைகளோடு கிளப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தாய். ஒருத்தியையும் நீ அவசரப்பட விடவில்லை.

"சாயங்காலம் காலு கொஞ்சம் உப்பி இருக்கும், அப்ப சரியா இருந்தாதான் சரி. நில்லு கண்ணு, உக்காராத. அக்கா, முன்னாடி அமுக்கிப் பாரு, ஒரு கட்ட வெரல் எடம் வேணும். குதிகாலு தூக்குதா? கழட்டு, வேற எடு. நாளைக்குப் போடுற சாக்ஸோட போட்டுப் பாரு. எங்க, கதவு வரைக்கும் நடந்துட்டு வா."

கடைப் பையன்கள் ஏணியில் ஏறி இறங்கியே களைத்துப் போனார்கள். தரையெல்லாம் அட்டைப் பெட்டி. அளவு குறைந்த ஜோடிகளை எவள் தலையிலும் கட்ட முடியாமல் அந்த ஆள் வியர்த்து வழிந்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டீங்களே, வியாபாரம் பண்றதா வேணாமா?"

"வாழ்நாளெல்லாம் நடக்கிற காலுங்க அது. நீங்க கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதா?" என்றாய். குரலில் ஒரு மரியாதை! அதைக் கேட்டால் யாருக்கும் பற்றி எரியும்.

வருஷா வருஷம் போனோம். தேன்மொழி பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் விடவில்லை. முன்பின் தெரியாதவர்களின் பிள்ளைகளைக்கூட நீ இழுத்து நிறுத்தி விரலை அமுக்கிப் பார்ப்பாய். இப்போது அந்தக் கடையில் எல்லா அளவும் இருக்கிறது. சரியில்லை என்றால் மாற்றித் தருகிறார்கள். "பாவம், திருந்திட்டாரு போல" என்று நான் ஒருமுறை சொல்லி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "திருந்தல, பயந்துட்டான். பயமே போதும்" என்றாய்.

இன்றைக்கும் நான் சுவரோரம் நின்றுகொண்டு, யாரோ ஒரு பையனின் குதிகாலில் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"கூட வர்ற அம்மா எங்க, இந்த வருஷம் காணல?"

"பங்குனியில போயிட்டாங்க. நெஞ்சு வலி."

"அடடா" என்று உச்சுக்கொட்டினார். பிறகு, மனசார இரக்கப்பட்டுத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், "புள்ளகுட்டி இல்லாதவங்களாச்சே. கொள்ளி யாரு வெச்சாங்க?"

இத்தனை வருஷம் எனக்கென்று காத்திருந்த கேள்வி. கடை முழுக்கக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"எம் பொண்ணு வெச்சா. பங்காளி வூட்டுப் பையன் வெக்கட்டும், பொட்டப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு எல்லாரும் தடுத்தாங்க. 'எங்க பெரிம்மாவுக்கு நாந்தான்'னு கொள்ளிச் சட்டிய வாங்கிட்டு முன்னாடி நடந்தா. மணிமுத்தாறு வரைக்கும் தாரு ரோடு கொதிக்குது. வெறுங்காலு. வலது பெருவெரல்ல நகம் இன்னும் கோணலாத்தான் இருக்குது. நீங்க போடப் போட விரியும்னு மாட்டிவுட்டீங்களே, அந்தக் காலோடதான் நடந்து போயி வெச்சுட்டு வந்தா."

அவருடைய கண் தரைக்குப் போயிற்று. அங்கே வரிசையாகப் பிள்ளைகளின் கால்கள். ஒரு கடைப் பையன் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான், அவர்தான் சாடை காட்டியிருக்க வேண்டும். நான் உட்காரவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இல்லை, உனக்கும் இருந்திருக்காது. அவரை மன்னித்துவிடு என்று நீயும் சொல்லிவிட்டுப் போகவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து இந்தக் கோபம் ஒன்றுதான், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அடுத்த ஜூனுக்குத் தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

"அடுத்த புள்ள யாரு?" என்றேன். "வா கண்ணு, நின்னு காட்டு."