இனெஸின் மோதிர விரல்

பிரியேகோ, ஜூன் 9

அன்பு மகள் நியேவெஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் தங்கை இனெஸின் ஒரு விரலைத் தவிர எல்லாரும் நலம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். என் போனை நீ எடுப்பதில்லை, கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். வெயில் இப்போதே கொளுத்துகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாமாவின் தோட்டத்தில் ஒலிவ மரங்கள் நன்றாகப் பூத்தன, காய் எவ்வளவு நிற்கும் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என் லத்தீன் வகுப்புக்கு வரும் வருடம் ஆறே பேர்தான். தலைமையாசிரியர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறாம் தேதி கோர்தோபாவில் இனெஸுக்கு இசைப்பள்ளி நுழைவுத் தேர்வு. அவள் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் சேர்க்க மாட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஷட்டரை ஏற்றும்போது நாடா அறுந்து அவள் தந்தி மீட்டும் வலது மோதிர விரல் நகம் பாதியாக ஒடிந்தது. உன் அம்மா பிடிவாதமாக அவளைச் சேர்த்துவிட்ட கிதார் வாத்தியார் தோன் லியாந்த்ரோவிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. நகம் ஒட்ட அந்த ஆள் எதற்கு, நானும் கிதார் வாசித்தவன்தானே என்று பிங்பாங் பந்தை வெட்டி, அரத்தால் தேய்த்து, பசை வைத்து நானே ஒட்டினேன். அந்தத் துண்டை நகத்தின் அடியில் ஒட்ட வேண்டும். நான் மேலே, வேர்வரைக்கும் ஒட்டிவிட்டேன். பசை சதைக்குள் இறங்கி மறுநாளே விரல் வீங்கியது. ஊறவைத்து எடுக்காமல் இழுத்தேன், மிச்சமிருந்த நகமும் கூடவே வந்துவிட்டது. "அப்பா, தோன் லியாந்த்ரோ வீடு நாலு தெரு தள்ளி இருக்கு. நாலே தெரு" என்று மட்டும் சொன்னாள். ஆறு வாரத்துக்கு அந்த விரலில் எதையும் ஒட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர்வுக்கு அவள் தயார்செய்த பாட்டில் பாதி ட்ரெமோலோ, ஒரே தந்தியை விரல்கள் மாறி மாறி வேகமாக மீட்டுவது, மோதிர விரல் இல்லாமல் அது நடக்காது. இரண்டு நாள் முயன்று பார்த்தாள். "மூணு கால் நாய் ஓடுற மாதிரி இருக்கு" என்று கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

அதனால் லியாந்த்ரோ வீட்டுக்குப் போனேன். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. அவர் நடத்திய தந்தி வாத்தியக் குழுவில், போட்டிக்கு முந்தின வாரம் எல்லார் முன்னாலும் என்னை முதல் நாற்காலியிலிருந்து எழுப்பி, "விரல் ஒழுங்காக் கணக்குப் போடுது, காதுதான் வேற ஊர்ல இருக்கு" என்று சொல்லி தன் அக்காள் மகனை உட்காரவைத்த மனிதர். கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. "அன்செல்மோவா? உள்ள வா. காப்பி இருபத்தெட்டு வருஷமா ஆறிக்கிட்டு இருக்கு" என்றார். நடந்ததைச் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா பொண்ணு விரல் தப்பிச்சிருக்கும். நீ அப்பவே யாரையும் கேக்க மாட்டே" என்றார். பிறகு, "சரி, விண்ணப்பத்துல ரெண்டாவது வாத்தியத்துக்கான கட்டத்துல பன்துரியா போட்டிருக்கோமே, அத வாசிக்கட்டும். அந்தத் தந்தியை மீட்டப் பிக் போதும், நகம் வேண்டாம்" என்றார். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான், இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டவனும் நான். போட்டிருக்கோம் என்றால் யார் என்று கேட்டேன். "நான் சொன்னேன், இனெஸ் எழுதினா, ரெமெதியோஸ் கையெழுத்துப் போட்டா." உன் அம்மா மூன்று மாதமாக இதை என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "சொன்னா என்ன பண்ணியிருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்று தக்காளி நறுக்கிக்கொண்டே சொன்னாள். லியாந்த்ரோவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் அவர் இனெஸுக்குக் கிதாரோடு, பிக்கால் வாசிக்கும் பன்துரியா, லாவூது என்ற தந்தி வாத்தியங்களையும் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் இன்று எந்த வழியும் இருந்திருக்காது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எந்த வாத்தியம் என்பதை இருபதாம் தேதிக்குள் தேர்வு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பன்துரியா என்றால் நிச்சயம் தேறுவாள் என்கிறார் லியாந்த்ரோ. இவளோ கிதார்தான் வாசிப்பேன், தோற்றாலும் பரவாயில்லை என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "பாஸானா அங்க வகுப்புக்குப் போய்வந்தாலும் ஆறு வருஷம் இந்த வீட்லதான் அத வாசிக்கணும். கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு காலேஜ் பசங்க கிழிக்கிற வாத்தியம்னு நீ தினமும் சொல்லுவே. அதுக்குத் தோத்துட்டே போறேன்" என்றாள். நான் அப்படிச் சொன்னதுண்டு, பலமுறை. இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தேன். அதற்கு இனெஸ், "நியேவெஸ்கிட்டயும் இப்படித்தானே சொன்னே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. உனக்குப் பதினோரு வயதில் லியாந்த்ரோ வகுப்பிலிருந்து உன்னை நிறுத்தினேன், கிறிஸ்துமஸ் கழிந்ததும் திரும்பச் சேர்க்கிறேன் என்றேன், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே உன் லாவூதை யாருக்கோ கொடுத்தேன். அவர் வகுப்பில் நீ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு காரணம் இல்லை. இத்தனை நாள் உன்னிடம் சொன்ன காரணங்களெல்லாம் பிறகு தேடிப் பிடித்தவை.

இனெஸ் உன் பேச்சைத்தான் கேட்பாள். நீ அவளைக் கூப்பிட்டு, பன்துரியாவை எடு, அப்பா இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று சொல். உனக்கே அந்த நம்பிக்கை இல்லை என்றாலும் சொல். அதை உண்மையாக்குவது என் வேலை.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், கையும் காலும் திடமாக இருக்கட்டும். இருபதாம் தேதி கெடு என்பதை மறந்துவிடாதே. மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை கூப்பிடாதே, அம்மா தூங்குவாள், மாலையில் கூப்பிடு. மணி அடித்தால் இனெஸே எடுப்பாள், நான் போன் பக்கம் வர மாட்டேன்.

உன் அப்பா
அன்செல்மோ