மார்கழி மூன்றாவது ஞாயிறு

மதினி,

இன்று காலை மகள் பள்ளிச் சுற்றுலாவுக்கு பிளாஸ்க் கேட்டாள். பரணில் கிடந்ததை இறக்கி மூடியைத் திறந்தேன். இத்தனை நாள் கழித்தும் புது பிளாஸ்டிக் வாசனை போகவில்லை. நாம் மலைக்குப் போகும்போது டீ கொண்டுபோக வாங்கியது. ஒருநாளும் அதில் டீ ஊற்றவில்லை. வேறொன்று வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போய்வந்தவர் நீங்கள். விடியும் நேரம் போடிமெட்டு வளைவுகளில் ஏறுவீர்கள். குளிர்காலத்தில் கீழே போடி, சிலமலை எல்லாம் பனிமூட்டத்துக்குள் முங்கிக் கிடக்கும், அதன்மேல் முதல் வெயில் விழும் என்று சொல்லிச் சொல்லி மாய்வீர்கள். ஜீப் அங்கே நிற்காது, ஓட்டத்தில் பார்த்ததுதான். "பால் பொங்கி நிக்கிற மாதிரி இருக்குத்தா. ஊரு இருக்குற எடமே தெரியாது."

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய கேமராவை உங்களுக்குக் கொடுத்தார். சோலிக்கு இல்லாமல், படம் எடுக்க மட்டும் மார்கழி மூன்றாவது ஞாயிறு மலைக்குப் போவது என்று அன்றே முடிவு செய்தோம். அதன்பின் ஞாயிறு சாயங்காலம் எல்லாம் அந்தப் பேச்சுத்தான். நான் தைத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பீர்கள். இட்லியா புளிச்சோறா, யார் ஸ்வெட்டரை இரவல் கேட்பது, குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமாமே, அதை மடியில் முடிந்துகொள்ளலாமா? பழகுவதற்கென்று கோழியை, கொடியில் காயும் பாவாடையை, குறட்டை விடும் அண்ணனை எல்லாம் எடுத்தீர்கள். சிரித்த சிரிப்பில் எனக்குத் தையல் கோணிப்போகும்.

மார்கழி வந்தது. தைக்க வேண்டிய பொங்கல் துணி என் முன்னால் குவிந்து கிடந்தது.

"அடுத்த வருசம் போவமா மதினி" என்றேன். உங்கள் முகம் வாடுமென்று பயந்தேன்.

"அதுக்கென்ன. இன்னொரு வருசம் இதையே பேசிக்கிட்டு இருக்கலாம்ல" என்றீர்கள்.

மறு ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல். லேசானதுதான் என்று இரண்டு வாரம் வேலைக்குப் போனீர்கள். நெஞ்சில் சளி கட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. முகத்தில் மாட்டியிருந்ததை விலக்கிவிட்டு, "மார்கழி மூணாவது ஞாயிறு. இந்த வருசமும் தள்ளிப் போட்றாத" என்றீர்கள். தலையாட்டினேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

அந்த வருசமே, அந்த ஞாயிறன்று போனேன் மதினி. நீங்கள் தினமும் போன ஜீப்பின் டிரைவரிடம் கேட்டேன், அவரே கூட்டிப்போனார். நீங்கள் சொன்ன வளைவில் நிறுத்தினார். பனிமூட்டம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. கேமராவைத் தூக்கக் கை வரவில்லை.

"ஒருநாளாச்சும் இங்க நிறுத்தி அவங்களப் பாக்க விட்டிருக்கலாம்லண்ணே" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார்.

"இந்த எடம் வந்தா அந்தப் புள்ள பேச்சு நின்னுரும்மா. போன மார்கழியில ஒருக்கா நானே வண்டிய ஓரங்கட்டிட்டு, எறங்கி ரெண்டு நிமிசம் பாரும்மான்னேன். வேணாம்ணே, நாத்தனாவோட வர்றேன், அன்னைக்கு எறங்கிக்கிறேன்னுருச்சு."

அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். வெயில் ஏறிப் பனி கலையும்வரை அங்கேயே நின்றேன். கடைசியில் நாலைந்து படம் எடுத்தேன். ஒன்று நன்றாக வந்திருக்கிறது. அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அழகு என்கிறார்கள். எனக்கு அதில் பனியும் தெரிவதில்லை, வெயிலும் தெரிவதில்லை. நின்ற ஜீப்பிலிருந்து எனக்காக இறங்காமல் உட்கார்ந்திருக்கும் உங்களைத்தான் பார்க்கிறேன்.

இறங்கியிருக்கலாம் மதினி. நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.